சக்கரம் வைத்த வீடும் இரட்டைப்பாறையும்

கோயம்புத்தூர்,
11.2.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை கோகிலவாணி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அண்ணிக்குக் கண் மருந்தை நீ விடுகிறாயா, அவரே விட்டுக்கொள்கிறாரா? இந்தக் காலத்தில் யார் கடிதம் போடுகிறார்கள் என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய். போனில் பேசினால் மூன்றாவது நிமிஷத்தில் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் ஒருவர் பேச்சை மற்றவர் முடிக்க விட்டுத்தானே ஆக வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன்.

மில் விடுதியை மூடுகிறார்கள். இருபத்திரண்டு வருஷம் வார்டனாக இருந்த அறையை ஜூன் கடைசிக்குள் நான் காலி செய்ய வேண்டும். வாடகைக்கு வீடு பார்த்தேன். மூன்று இடத்தில், "தனியாவா இருப்பீங்க?" என்று தலையிலிருந்து கால்வரை பார்த்தார்கள். நாலாவது இடத்துக்கு நான் போகவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் இனி யாருக்கும் விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. மலைக்கே வந்துவிட வேண்டும் போலிருக்கிறது, அண்ணா. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

ஆனால் அப்பாவின் கருமாதி அன்று நடந்தது நடந்ததுதான். என் அறையில் மிளகு மூட்டையை அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்த கோபத்தில், வாசலில் கோயில் பக்கம் பார்த்துக் கற்பூரம் ஏற்றி, "பெரியசாமி மேல ஆணை, இனி உன் ஊட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சொன்னேன். மூன்று வருஷம் ஆகிறது. கற்பூரம் ஏற்றிச் சொன்ன சொல்லை நம் ஊரில் யாரும் திருப்பி வாங்கியதில்லை. நானும் வாங்க மாட்டேன். அதனால் வாசப்படியோடு சேர்த்து ஒரு வீட்டையே கொண்டுவந்துவிடலாமென்று பார்க்கிறேன்.

சிரிக்காதே. கிணத்துக்கடவு ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில், சக்கரம் வைத்த வீடு ஒன்று விற்பனைக்கு நிற்கிறது. கேரவன் என்கிறார்கள். தானாக ஓடாது. ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போக வேண்டும். உள்ளே ஒரு கட்டில், அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி, மூன்று ஜன்னல். வெள்ளை நிறம், இடுப்பில் நீலக் கோடு. தையல் டேப்பை எடுத்துப் போய் அளந்தேன். நீளம் பதினெட்டு அடி, அகலம் ஏழரை அடி. அப்பா எனக்கென்று வாய்வார்த்தையாகச் சொல்லிப் போன மேல்காட்டில் ஓர் ஓரமாக நிறுத்திக்கொண்டால் நான் உனக்கும் பாரமில்லை, யாருக்கும் பாரமில்லை.

நீ நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் பதினோரு வருஷம் இருந்தவன். நான் ஒரு சைக்கிள்கூடச் சொந்தமாக வாங்கியதில்லை. பழைய வண்டியில் எதையெதைப் பார்க்க வேண்டும் என்று எழுது. மேல்காட்டைப் பற்றியும் ஒரு வரி எழுது.

தபால்காரர் வரும் நேரம் பார்த்து வாசலில் நிற்கப்போகும்,
கோகிலவாணி


குண்டூர் நாடு, கொல்லிமலை,
2.3.2024

கோகிலவாணிக்கு,

சென்றாயன் எழுதுவது. முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. உன் அண்ணி சென்னம்மாள் சுகம். மிளகு பறிப்பு முடிந்தது. மலையில் இந்த வருஷம் பனி தாமதமாக விலகுகிறது.

நீ கேட்டதற்குப் பதில். வெயிலில் போய்ப் பழைய வண்டி பார்க்கக்கூடாது. வெயிலில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். மழை பெய்த மறுநாள் போ. அங்கே மழை இல்லையென்றால் காலையிலேயே போய், நீ வருவதற்கு முன்னால் கதவைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிடு. பூட்டிக் கிடந்த வண்டியைத் திறந்ததும் முதல் மூச்சில் வருகிற வாசனைதான் உண்மை சொல்லும். ஈரச்சாக்கு வாசனை வந்தால் எங்கேயோ ஒழுகுகிறது. சாம்பிராணி வாசனை வந்தால் அதை மறைக்கிறார்கள்.

தரையைக் குதிகாலால் அழுத்திப் பார். உள்வாங்கினால் அடியில் பலகை ஊறியிருக்கிறது. சுவரைக் கைமுட்டியால் தட்டிக்கொண்டே போ, சத்தம் மாறுகிற இடத்தில் நின்றுவிடு. டயரின் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். ஓடாமல் நின்றாலும் டயர் கிழவனாகும். கீழே குனிந்து சட்டத்தை ஒரு திருப்புளியால் குத்திப் பார். மேலே துரு இருந்தால் பரவாயில்லை, திருப்புளி உள்ளே போகக்கூடாது. விற்கிறவர் யார், எதற்காக விற்கிறார் என்று கேள்.

வேறு விசேஷம் இல்லை. செல்லமுத்து மகனுக்குக் கல்யாணம் நடந்தது. பொண்ணு மாப்பிள்ளை வந்த வேன் வழக்கம்போல இரட்டைப்பாறைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. இரண்டு பாறைக்கும் நடுவில் சின்ன டெம்போவைத் தவிர எது வந்திருக்கிறது? பொண்ணு இறங்கிப் பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்துதான் வந்தது. உன் அண்ணி ஆரத்தி எடுத்தாள்.

இப்படிக்கு,
சென்றாயன்


கோயம்புத்தூர்,
17.3.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. நலம்தான். நீ மூன்று பக்கம் எழுதுவாய் என்று நான் நினைக்கவே இல்லை. அதிலே மேல்காட்டுக்குத்தான் இடம் இல்லாமல் போயிற்று போலிருக்கிறது. போகட்டும்.

நீ சொன்னபடி காலையிலேயே போனேன். தோப்புக் காவல்காரர் அருணாசலம் சாவியை எடுத்து வந்தார். கதவு திறந்ததும் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தேன். முதலில் பழைய துணிப்பெட்டி வாசனை. அதற்குப் பிறகு எலுமிச்சை ஊறுகாய். அதற்கும் அடியில், மெல்லிசாக, நீ சொன்ன ஈரச்சாக்கு. கதவை ஒட்டிய தரை குதிகாலுக்கு லேசாக இறங்குகிறது. கட்டில் தலைமாட்டில் சுவரின் சத்தம் மாறுகிறது. டயரில் 2215. அப்படியானால் 2015-ஆம் வருஷம். திருப்புளி சட்டத்துக்குள் போகவில்லை. ஏறுகிற இடத்தில் மடக்குப் படி ஒன்று இருந்திருக்கிறது. அது துருப்பிடித்து உடைந்துபோய் இரண்டு ஆணி மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தாவித்தான் ஏறினேன். வாசப்படிக்காக வீடு வாங்க வந்தால் வீட்டுக்கு வாசப்படியே இல்லை!

பிறகு ஒரு காரியம் செய்தேன். வண்டியை மூன்று சுற்றுச் சுற்றி வந்து, பின்பக்கம் நின்று தட்டிக் கொடுத்து, முன்னால் வந்து இழுக்கிற கொக்கியைப் பிடித்து ஆட்டினேன். அருணாசலம், "ஏனுங்கம்மா, மாடு வாங்கியே பழக்கமுங்களா?" என்றார். நம் ரத்தம் வேறு எப்படி வாங்கும்!

விற்கிறவர் பூங்குழலி என்று ஓர் அம்மா. வீட்டுக்காரர் ஓய்வு பெற்றதும் இரண்டு பேருமாக ஊர் ஊராகப் போகலாமென்று ஆசை ஆசையாகக் கட்டிய வண்டியாம். ராமேஸ்வரம் மட்டும் போய் வந்தார்கள். அதற்குள் அவர் போய்விட்டார். "இதுல ஏறினா அவரு முன்னாடி ஓட்டிட்டிருக்காருன்னே தோணுது. அதனால நான் ஏறறதில்ல" என்றார் அந்த அம்மா.

அவர் அனுமதியோடு கட்டிலில் கொஞ்சம் படுத்தேன். தென்னை நிழல் கூரை ஜன்னலில் ஆடிக்கொண்டே இருந்தது. எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. வண்டி நகர்ந்தது. இழுக்க ஜீப்பும் இல்லை, ஆளும் இல்லை. சேந்தமங்கலம் கடைத்தெருவில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மலைப்பாதையின் எழுபது வளைவையும் ஒவ்வொன்றாக, மூச்சு வாங்காமல் ஏறிற்று. ஜன்னலுக்குப் பக்கத்தில் மேகம் வந்து எட்டிப் பார்த்தது. நான் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவே இல்லை, அண்ணா. வாழ்க்கையில் நான் அப்படி இழுத்துச் செல்லப்பட்டதே கிடையாது. எப்போதும் நான்தான் எதையாவது இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

இரட்டைப்பாறை வந்ததும் விழித்துக்கொண்டேன்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்.

கோகிலவாணி


குண்டூர் நாடு,
5.4.2024

வாணிக்கு,

அண்ணன் எழுதுவது. நாங்கள் சுகம். உனக்கு அங்கே வெயில் அதிகம் என்று ரேடியோவில் சொன்னான். மோர் குடி.

கதவோரத் தரையும் தலைமாட்டுச் சுவரும் ஊறியிருக்கிறது என்றால் தண்ணீர் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று ஜன்னல் ரப்பர். இன்னொன்று கூரை. எதை அடைத்தால் நிற்கும் என்று தெரியாமல் வாங்காதே. கூரைமேல் குழாயால் அரைமணி நேரம் தண்ணீர் அடிக்கச் சொல். வெளியே நிற்காதே. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இரு. எந்த இடத்தில் முதல் சொட்டு விழுகிறதோ அங்கே சாக்கட்டியால் வட்டம் போடு. பட்டறையில் தண்ணி லாரிக்கு இப்படித்தான் பார்ப்போம்.

ஆர்.சி. புத்தகம் யார் பெயரில் இருக்கிறது? செத்தவர் பெயரில் இருந்தால் முதலில் அந்த அம்மா பெயருக்கு மாற வேண்டும். அப்புறம்தான் உனக்கு. பின்விளக்கு, பிரேக், கொக்கியில் தேய்மானம், இதெல்லாம் பார்க்க ஒரு நல்ல மெக்கானிக்கைக் கூட்டிப் போ. டயர் இரண்டும் மாற்றித்தான் ஆக வேண்டும். டயர் பார்வைக்கு வாலிபமாக இருக்கிறது என்று அவன் சொன்னால் நம்பாதே.

எனக்கு இந்த வண்டி பிடிக்கவில்லை. ஆனால் நல்ல சட்டம் என்கிறாய். அதுவும் சரிதான்.

மேல்காட்டை இந்த வருஷம் உழவில்லை. ஏனென்று உன் அண்ணி கேட்டாள். மண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்று சொன்னேன். சாயங்காலம் பனி இறங்குகிற நேரத்தில் அந்தக் காட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அங்கே ஒரு ஜன்னல் வெளிச்சம் தெரிகிற மாதிரி இருக்கிறது. வயசாகிவிட்டால் கண் இப்படித்தான் விளையாடும்.

சென்றாயன்


கோயம்புத்தூர்,
22.4.2024

அன்புள்ள அண்ணா,

நலம். உன் நலமும் அண்ணி நலமும் நாடுகிறேன். தினம் மோர் குடிக்கிறேன்.

அருணாசலம் ஏணி போட்டு ஏறித் தோப்பு மோட்டார்க் குழாயைக் கூரைமேல் பிடித்தார். நான் சாக்கட்டியோடு உள்ளே உட்கார்ந்தேன். வெளியே கொளுத்தும் சித்திரை வெயில், உள்ளே அடைமழைச் சத்தம். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிய வழியத் தென்னை மரமெல்லாம் கரைந்து, நம் ஊர் பலாமரம் மாதிரி தெரிந்தது. ஆவணி மழையில் பள்ளிக்கூடம் போகாமல் நீயும் நானும் ஒரே சாக்குக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஞாபகம் வந்துவிட்டது. முதல் சொட்டு என் புறங்கையில் விழுந்தது. அது கூரையிலிருந்து வந்ததா, என் கண்ணிலிருந்து வந்ததா என்று பார்க்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு வட்டம் போட்டேன். தலைமாட்டுக்கு மேலே, கூரை ஜன்னல் மூலையில் ஒன்று. கதவுக்கு மேல் ரப்பரில் ஒன்று. இரண்டே இரண்டுதான்.

மெக்கானிக் வந்து பார்த்தார். பிரேக் சரி. பின்விளக்கு ஒன்று எரியவில்லை. ஆர்.சி.யைப் பூங்குழலி அம்மா தன் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிட்டார்.

எல்லாம் பார்த்தாயிற்று, அண்ணா. நீ சொன்ன ஒவ்வொன்றையும் பார்த்தேன். ஒன்றே ஒன்றுதான் பாக்கி. இதை நான் வாங்கினால் மேல்காட்டில் கொண்டுவந்து வைக்கலாமா, கூடாதா? நீ டயரைப் பற்றி எழுதுகிறாய், ரப்பரைப் பற்றி எழுதுகிறாய். இதை மட்டும் எழுத மாட்டேன் என்கிறாய்.

அந்தக் கனவு மறுபடியும் வந்தது. இந்தத் தடவையும் பாறைக்கு வந்ததும் வண்டி நின்றுவிட்டது.

பதில் போடு.

வாணி


கோயம்புத்தூர்,
19.5.2024

அண்ணாவுக்கு,

சுகமா என்று கேட்டு எழுதப் பழக்கமாகிவிட்டது. ஆனால் நீ சுகமாகத்தான் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஒரு மாசமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. சுகமில்லாத ஆள் மலையிலிருந்து நாமக்கல் போய், அங்கேயிருந்து கோயம்புத்தூர் வந்து, பஸ் மாறிக் கிணத்துக்கடவுக்கு வர முடியாது.

ஆமாம், எனக்குத் தெரிந்துவிட்டது. நேற்று கோடை மழை பெய்ததால் வண்டி எப்படியிருக்கிறது என்று பார்க்கப் போனேன். அருணாசலம் ஒரு சீப்பு மலை வாழைப்பழத்தை நீட்டினார். ஒன்றிரண்டு கறுத்திருந்தது. "போன வியாழக்கிழமை ஒரு பெரியவரு வந்தாருங்க. கருப்புக் குடை, காக்கிப் பை. நல்லா விவரம் தெரிஞ்ச ஆளு. சாக்க விரிச்சு வண்டிக்கு அடியில படுத்து ஒரு மணி நேரம் பார்த்தாரு. சட்டத்தக் கையில தடவித் தடவிப் பார்த்தாரு. அப்புறம் அகலத்த அளந்தாருங்க. ரெண்டு தடவ அளந்தாரு. அளந்துட்டு டேப்ப சுருட்டிப் பையில போட்டாரு" என்றார்.

அதற்குப் பிறகு அந்தப் பெரியவர், "உள்ள கொஞ்சம் படுத்துப் பாக்கலாங்களா?" என்று கேட்டாராம். படுத்தவர் சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் தூங்கினாராம். எழுப்பப் போன அருணாசலம், தூக்கத்தில் சிரிக்கிற மனுஷனை எழுப்ப மனமில்லாமல் திரும்பி வந்தாராம். நீ என்ன கனவு கண்டாய், அண்ணா? உன் கனவில் வண்டி பாறையைத் தாண்டியதா?

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அங்கேயிருந்து என் விடுதிக்கு ஒரே பஸ். முக்கால் மணி நேரம். அத்தனை தூரம் வந்த நீ என்னைப் பார்க்காமல் போய்விட்டாய். நீ ஒன்றும் ஆணையிடவில்லையே. என் வாசப்படியை நீ மிதிக்கலாமே!

பழத்தைத் தின்றேன். கறுத்ததையும் சேர்த்துத்தான். விடுதிப் பெண்கள் கேட்டபோதும் யாருக்கும் கொடுக்கவில்லை.

இன்னொரு விஷயம். ஊட்டியில் தங்கும் விடுதி நடத்தும் ஒருவர் வந்து வண்டியைக் கேட்டிருக்கிறார். ஜூன் இருபதுக்குள் நான் முடிவு சொல்ல வேண்டும்.

கோகிலவாணி


குண்டூர் நாடு,
26.5.2024

கோகிலாக் கண்ணுக்கு,

அண்ணி சென்னம்மா எழுதறது. நல்லாயிருக்கியா சாமி. எனக்கு எழுத்து நேரா வராது. நீ அட்ஜஸ்ட் பண்ணிப் படிச்சுக்க. உங்கண்ணனுக்குத் தெரியாம எழுதறேன். பஸ் டிரைவருகிட்ட குடுத்துச் சேந்தமங்கலத்துல போடச் சொல்லியிருக்கேன்.

மிளகு போடச் சேந்தமங்கலம் போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போன மனுசன், மறுநா பொழுது சாயத்தான் ஊடு வந்தாரு. ஆனா மிளகு மூட்டை ஊட்லயே கெடக்குது. மறந்துட்டுப் போயிட்டாரு. வந்ததுலேருந்து தெனமும் இரட்டைப்பாறைக்குப் போயி டேப்ப வச்சு அளக்கறாரு. நேத்து அளந்தா இன்னைக்கு அகலமாயிருமா கண்ணு? ஆறே முக்கா அடிதான் வருது. நம்ம செல்லமுத்துகூட, "ஏனுங்க மாமா, பாறை குட்டி போட்டிருக்கான்னு பாக்கறீங்களா?"ன்னு கேலி பேசறான்.

உன் வண்டி ஏழர அடியாம். நம்மூருக்கு வராதாம். இத உங்கிட்ட சொல்ல அவருக்கு வாய் வரல. கடுதாசி எழுதறேன்னு உக்காருவாரு, எந்திரிச்சிருவாரு.

ஒண்ணு மட்டும் சொல்றேன். நீ ஆணையிட்டுட்டுப் போன மறுவாரமே அந்த ரூம்புலருந்த மிளகு மூட்டையெல்லாம் வெளியில எடுத்துப் போட்டுட்டாரு. மூணு வருசமா அந்த ரூம்பு சும்மாதான் கெடக்குது. இத நான் சொன்னேன்னு சொல்லிறாத.

ஒடம்பப் பாத்துக்க சாமி.

சென்னம்மா


கோயம்புத்தூர்,
3.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நான் நலமாக இருக்கிறேனா என்று தெரியவில்லை. விடுதியில் பாதி அறைகள் காலியாகிவிட்டன. நடைபாதையில் என் செருப்புச் சத்தம் எனக்கே எதிரொலிக்கிறது.

நீ சொல்ல முடியாததை நானே சொல்லிவிடுகிறேன். வண்டி இரட்டைப்பாறையைத் தாண்டாது. இது எனக்கு முதல் நாளே தெரியும். ஏழரை அடி என்று டேப்பில் பார்த்ததுமே தெரியும். நம் ஊரில் நடக்கப் பழகிய எந்தப் பிள்ளைக்கு அந்தப் பாறை இடுக்கின் அளவு தெரியாது? எத்தனை தடவை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அதற்குள் ஓடியிருக்கிறோம். தெரிந்தும்தான் உனக்கு அகலத்தை எழுதினேன். முதல் கடிதத்திலேயே எழுதினேன்.

எதற்கு எழுதினேன் என்றால், நீ உடனே பதில் போடுவாய் என்று நினைத்தேன். "அடி பைத்தியக்காரி, அது பாறைக்குள்ள வராது. வண்டிய விட்டுட்டு நீ மட்டும் வா" என்று ஒரு வரி. அதைப் படிப்பதற்காகத்தான் டயர் எண்ணைப் பார்த்தேன். குதிகாலால் தரையை மிதித்தேன். அரைமணி நேரம் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்தேன். நீயானால் நல்ல ஆசாரியாக ஒவ்வொரு கேள்விக்கும் சரியான பதிலை எழுதிக்கொண்டிருந்தாய்.

ஆனால் நடுவில் ஒரு விபரீதம் நடந்துவிட்டது, அண்ணா. அந்த வண்டிமேல் எனக்கு நிஜமாகவே ஆசை வந்துவிட்டது. உன்னை வரவழைக்க ஒரு சாக்கு என்றுதான் ஆரம்பித்தேன். இப்போது கண்ணை மூடினால் அந்த மூன்று ஜன்னல்தான் தெரிகிறது. பிறந்தது அப்பா வீடு, இருந்தது மில் விடுதி. என்னுடையது என்று ஒரு கதவை நான் உள்ளேயிருந்து சாத்தியதே இல்லை. "நீ மட்டும் வா" என்று இன்று நீ எழுதினால்கூட எனக்கு முழுச் சந்தோஷம் இருக்காது போலிருக்கிறது. இரண்டும் வேண்டும் என்று மனசு அடம்பிடிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் பாறையும் இருக்கிறது, நான் ஏற்றிய கற்பூரமும் இருக்கிறது.

இருபதாம் தேதி பூங்குழலி அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். முப்பதாம் தேதி விடுதி அறைச் சாவியைக் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றாவது எழுது. உன் மௌனத்தை என்னால் மூட்டைகட்டி எடுத்துப் போக முடியாது.

உன் தங்கை,
வாணி


குண்டூர் நாடு, கொல்லிமலை,
14.6.2024

வாணிக் கண்ணுக்கு,

அண்ணன் எழுதுவது. நீ நலமாக இருக்க வேண்டும். எங்கள் நலத்துக்கு ஒன்றும் குறைவில்லை. தாமதத்துக்கு மன்னித்துவிடு. கொஞ்சம் மரவேலை இருந்தது.

எனக்கும் முதல் நாளே தெரியும். ஏழரை அடி என்று படித்ததும் சிரித்தேன். சிரித்துவிட்டு, இதை எழுதினால் அடுத்த கடிதம் வராதே என்று நினைத்தேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு உன் கையெழுத்தைப் பார்க்கிறேன். அதனால் தரையைப் பார், டயரைப் பார் என்று ஒவ்வொன்றாக எழுதினேன். இன்னும் பத்து விஷயம் எழுதாமல் வைத்திருந்தேன். உன்னை விடுதியில் வந்து பார்க்காமல் போனதற்கும் காரணம் இதுதான். பார்த்தால் வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் மூன்றாவது நிமிஷம் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்.

கனவைக் கேட்டாய். என் கனவிலும் வண்டி பாறையில் நின்றுவிட்டது. ஆனால் நீ இறங்கினாய். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாய். அதற்குத்தான் சிரித்திருப்பேன். நம் ஊரில் எந்தப் பொண்ணு வண்டியிலேயே வீட்டு வாசல்வரை வந்திருக்கிறாள்? எல்லோரும் அங்கே இறங்கி நடந்தவர்கள்தான்.

இப்போது பட்டறைக்காரனாகச் சொல்கிறேன். வண்டியை வாங்கு. சட்டம் அருமையான சட்டம். ஒழுகுகிற இரண்டு இடத்தையும் நானே அடைத்துவிடுவேன். கதவோரத்தில் நான்கு அடிப் பலகை மாற்ற வேண்டும், அதற்கு மரம் இருக்கிறது. இரண்டு டயரையும் கீழேயே மாற்றிவிட்டு மேலே கொண்டுவா. பதினெட்டு அடி எழுபது வளைவிலும் திரும்பும். பூபதியின் ஜீப் இழுக்கும், அவன் நிதானமான டிரைவர். செல்லமுத்துவிடம் பேசிவிட்டேன். இரட்டைப்பாறைக்கு அந்தப் பக்கம், பலாமரத்தடியில் அவன் இடம் இருக்கிறதே, அங்கே நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மாற்றாக மேல்காட்டில் உன் பங்கில் அவன் சாமை விதைத்துக்கொள்வான். உழாமல் விட்ட மண் வீணாகவில்லை. பாறையிலிருந்து நம் வீட்டுக்கு இருநூற்றுப் பத்துக் காலடி. எண்ணிப் பார்த்தேன்.

உன் கதவை நீ உள்ளேயிருந்து சாத்திக்கொள். காலையில் சாப்பிட இங்கே வா.

ஆணை என்ன ஆவது என்று கேட்பாய். கோயில் பூசாரியிடம் போனேன். "வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொன்னவ, படியே இல்லாத வாசல்ல நுழைஞ்சா ஆணை என்ன ஆகும்?" என்று கேட்டேன். வெற்றிலையை மென்று முடிக்கிற வரை யோசித்தார். "படியே இல்லீன்னா எதைய மிதிக்கறது? பெரியசாமிக்கும் கண்ணு இருக்குது, போ" என்று விபூதி கொடுத்தார்.

வந்ததும் நிலைக்கு அடியிலிருந்த வாசப்படிக் கட்டையை அறுத்து எடுத்துவிட்டேன். வேங்கை மரம், அப்பா போட்டது, நான்கு நாள் வேலை வாங்கிவிட்டது. அதை இழைத்து, உன் வண்டியில் உடைந்த மடக்குப் படிக்குப் பதிலாகப் போடுகிற மாதிரி இரண்டு கால் வைத்துத் தயாராக வைத்திருக்கிறேன். இனி அது என் வீட்டு வாசப்படி இல்லை, உன் வீட்டு வாசப்படி. தாராளமாக மிதிக்கலாம்.

உன் அண்ணி இந்த ஒரு வாரமாக என்னைத் திட்டாத நேரமில்லை. மழை இறங்கிவிட்டது. படி இல்லாததால் முற்றத்துத் தண்ணீர் நேராக உள்ளே வருகிறது. கோழி வருகிறது. செல்லமுத்துவின் ஆட்டுக்குட்டிகூட வந்து உன் அறையில் படுத்திருக்கிறது.

நீ மட்டும்தான் இன்னும் வரவில்லை.

உன் அண்ணன்,
சென்றாயன்